அட்டாலிக்கு ஏணி போதுமா, படிக்கட்டுதான் வேண்டுமா?

கேள்வி: சென்னிமலையில் பெட்ஷீட் மொத்த வியாபாரம் செய்கிறோம்ங்க. சொந்தக் கட்டடம். தரைத்தளம் கடை, முதல் தளம் குடோன். குடோனுக்குத் தகரக் கூரை. நடு முகட்டில் 20 அடி உயரம் இருக்கிறது. 11 அடியில் இரும்புச் சட்டம் அடித்து அட்டாலி (பரண்) போட்டால் தீபாவளிச் சரக்கை அடுக்கிக்கொள்ளலாம் என்று யோசனை. மடக்கு ஏணி போதும், 20-க்கு 30 அங்குலம் ஓட்டை விட்டால் சட்டப்படி சரி என்று ஒரு அமெரிக்க வீடியோவில் பார்த்தேன். வெல்டிங் பட்டறைக்காரர் மூலையில் சுருள் படி போட்டுத் தருகிறேன் என்கிறார். எதைச் செய்வது? பிளான் அப்ரூவலில் சிக்கல் வருமா?

பதில்: வீடியோவில் சொன்னது பொய்யில்லை. அது உங்களுக்கு ஆகாது, அவ்வளவுதான். அங்கே பெரும்பாலான மாநிலங்களில் நடப்பில் உள்ள இன்டர்நேஷனல் பில்டிங் கோடு, கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் 30 அங்குலத்துக்கு மேல் உயரமுள்ள இடம் இருந்தால் உள்ளே போக 20-க்கு 30 அங்குல வாசலாவது வேண்டும் என்கிறது. வயரிங் பார்க்கவோ ஒழுகலை அடைக்கவோ எப்போதாவது ஒரு ஆள் நுழைவதற்கான வாசல் அது. ஆள் சரக்கைத் தூக்கிக்கொண்டு தினமும் ஏறி இறங்கும் தளத்துக்கு அந்த ஊரிலும் படிக்கட்டுதான். கூரை ரொம்பச் சரிவாக இல்லாத நாலு மாடி, அதற்கு மேற்பட்ட கட்டடங்களில் ஒரு படிக்கட்டையாவது கூரை வரைக்கும் கொண்டுபோகச் சொல்வதும் அதே கோடுதான். வீடியோக்காரர் அதைச் சொல்லியிருக்க மாட்டார்.

நம் ஊருக்கு வருவோம். நீங்கள் அட்டாலி என்கிறீர்கள். விதி பெயரைப் பார்ப்பதில்லை, உயரத்தைப் பார்க்கிறது. தேசியக் கட்டட விதித்தொகுப்பின் கணக்கில், பொருள் போட்டுவைக்கிற பரண் என்றால் உள்ளே அதிகபட்சம் 1.5 மீட்டர், அதாவது 5 அடிக்குக் கொஞ்சம் குறைவான உயரம்தான் இருக்கலாம். உங்களுடையதில் முகட்டுக்கு அடியில் 9 அடி நிற்கிறது. ஆள் நிமிர்ந்து நடக்கிற இடம். அதற்குப் பெயர் மெசனைன், இடைத்தளம். அதற்குக் குறைந்தது 2.2 மீட்டர் உயரம் வேண்டும்; மொத்தப் பரப்பும் கட்டடத்தின் அடித்தளப் பரப்பில் (பிளிந்த் ஏரியா) மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தகரம் இரண்டு பக்கமும் சரிந்து இறங்குவதால் ஓரங்களில் 2.2 மீட்டர் கிடைக்காது. ஆகவே நடு முகட்டை ஒட்டி மட்டும் போடுங்கள். ஓரம் வரைக்கும் இழுக்க ஆசை வரும், வேண்டாம்.

இடைத்தளம் என்றானதும் படிக்கட்டும் கூடவே வந்துவிடும். வீட்டுப் படிக்கு 250 மில்லிமீட்டர் மிதி (கால் வைக்கிற ஆழம்), 190 வரை உயரம் என்று விட்டுக்கொடுக்கிற அதே தொகுப்பு, வணிகக் கட்டடத்துக்கு 300 மிதி, 150-க்கு மேல் போகாத உயரம், 1.5 மீட்டர் அகலம் என்று கறாராக நிற்கிறது. (அமெரிக்காவில் 7 அங்குலம் உயரம், 11 அங்குலம் மிதி. ஆக நம் படி அதைவிடச் செங்குத்துக் குறைந்தது.)

கணக்குப் போட்டுப் பாருங்கள். 11 அடி என்பது 3,353 மில்லிமீட்டர். 150-ஆல் வகுத்தால் 22-க்கு மேல் வருகிறது, எனவே 23 ஏற்றம். ஒவ்வொன்றும் சுமார் 146 மில்லிமீட்டர். நேராக விட்டால் 22 மிதி, 6.6 மீட்டர், ஏறக்குறைய 22 அடி நீளம். நடுவில் லேண்டிங் வைத்து 12, 11 என்று மடக்கினால் 4.8 மீட்டருக்கு 3 மீட்டர், அதாவது 16 அடிக்கு 10 அடி. 160 சதுர அடி குடோன் போகிறது. கையைக் கடிக்கிற இடம் இதுதான். ஏணி, சுருள் படி என்று எல்லோரும் குறுக்கு வழி தேடுவதும் இதனால்தான்.

சுருள் படியைப் பற்றி. குறைந்த ஆள் நடமாட்டம், 9 மீட்டருக்கு மிகாத கட்டடம், 1.5 மீட்டருக்குக் குறையாத விட்டம் என்ற வரம்புக்குள் விதி அதை அனுமதிக்கிறது. ஆனால் பெட்ஷீட் பேலைத் தோளில் வைத்துக்கொண்டு அதில் சுற்றி இறங்க முடியாது. உள் பக்கம் மிதி விரற்கடை அளவுக்குத்தான் இருக்கும். வெளிப் பக்கமாகப் போனால் மூட்டை கம்பியில் இடிக்கும். ஆபீஸ் ரூமுக்கு என்றால் போட்டுக்கொள்ளுங்கள், குடோனுக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஏணி இன்னும் மோசம். ஈரோட்டில் ஒரு மஞ்சள் குடோனில் பார்த்ததைச் சொல்கிறேன். நிலையாக அடித்த இரும்பு ஏணி, வேலை சுத்தமானதுதான். மேலிருந்து ஒருவர் மூட்டையோடு இறங்கினார். ஏணிக்கு முதுகைக் காட்டி, குதிகாலால் அடுத்த கம்பியைத் துழாவித் துழாவி. முதலாளி பக்கத்திலேயே நின்று, "பழகிப்போச்சுங்க" என்றார். ஏணியில் இறங்கும்போது முகம் ஏணியைப் பார்க்க வேண்டும், கைகள் அதைப் பிடித்திருக்க வேண்டும். தோளில் சுமை ஏறியதும் இரண்டுமே போய்விடுகிறது. வெறும் கையோடு மாதம் ஒருமுறை ஏறுகிற இடத்துக்கு மட்டும் ஏணி வைக்கலாம். அதையும் நாலுக்கு ஒன்று சாய்வில் (11 அடி உயரத்துக்கு, அடிப்பக்கம் இரண்டே முக்கால் அடி தள்ளி), மேல் தளத்தைத் தாண்டி ஒரு மீட்டர் நீட்டி வைக்க வேண்டும்.

என் யோசனை இதுதான்: ஆளுக்குப் படிக்கட்டு, சரக்குக்குச் செயின் பிளாக் (சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்குகிற கருவி). சரக்கு தனியாக ஏறிவிட்டால் படியில் பாதி ஆபத்து குறைந்துவிடும். சரக்கு ஏற்றும் வாயிலுக்குத் திறப்புக் கதவும், அட்டாலி ஓரம் முழுக்க ஒரு மீட்டருக்குக் குறையாத கைப்பிடிக் கம்பியும் கட்டாயம் வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று, எனக்கு அதுதான் பெரிய வெசனம். பாரம். இந்தியத் தரக் குறியீடு 875 இரண்டாம் பகுதிப்படி சில்லறைக் கடைத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 4 கிலோ நியூட்டன். சரக்கு அடுக்கும் தளத்துக்குக் குறைந்தது 7.5. அதாவது சதுர அடிக்குச் சுமார் 70 கிலோ. 200 சதுர அடி அட்டாலி என்றால் 14 டன். அந்த 14 டன்னும் நாலைந்து இரும்புத் தூண் வழியாகக் கீழேயுள்ள கடையின் கான்கிரீட் தளத்தில் புள்ளி புள்ளியாக உட்காரும். கீழ்த்தளத் தூணுக்கு நேர் மேலே தூண் வராவிட்டால் ஸ்லாப் வெடிக்கும். கோயம்புத்தூர், ஈரோடு பக்கமெல்லாம் மிதமான நில அதிர்வு வரக்கூடிய பகுதி, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பட்டறைக்காரர் அளவைச் சரியாக எடுப்பார். கணக்கை ஸ்ட்ரக்சுரல் என்ஜினியரிடம்தான் வாங்க வேண்டும்.

தளத்துக்குப் பிளைவுட் போடாதீர்கள். துணிக்கு அடியில் மரப்பலகை, மேலே ஏப்ரல் வெயிலில் காய்கிற தகரம், நடுவே பல்பு என்றால் தீக்குச்சி தேவையில்லை. செக்கர் பிளேட் (வழுக்காமலிருக்கப் புடைப்பு வைத்த இரும்புத் தகடு) போதும். படிக்கட்டும் தீப்பற்றாத பொருளில்தான் இருக்க வேண்டும் என்கிறது விதி. படிக்குக் கீழே காலி அட்டைப்பெட்டி குவிப்பதையும் விட்டுவிடுங்கள்.

அப்ரூவல் விஷயம் சுருக்கமானது. 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளுக்குப் பிறகு சென்னைக்கும் சென்னிமலைக்கும் ஒரே புத்தகம்தான். இடைத்தளம் தளப்பரப்பில் சேரும். பழைய பிளானில் அது இல்லையென்றால், இரும்பு வாங்குவதற்கு முன்பே உங்கள் பொறியாளர் மூலம் திருத்திய வரைபடம் கொடுத்து அனுமதி வாங்குங்கள். கட்டிய பிறகு போனால் விதிமீறல் என்ற கணக்கில்தான் பேச்சு தொடங்கும்.

கடைசியாக, படிக்கு அளவு எடுக்கிற நாளில் குடோன் தரையில் டைல்ஸோ கான்கிரீட்டோ இனிமேல் போடப் போகிறீர்களா என்று பட்டறைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். இரண்டு அங்குலம் தரை உயர்ந்தால் முதல் படி மட்டும் மற்றவற்றைவிடக் குட்டையாகிவிடும். 22 படி ஒரே அளவில் இறங்கிய கால் அந்த ஒன்றில்தான் தடுக்கும்.