உத்திரமேரூருக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவது?

அன்புள்ள ஐயா,

செப்டம்பர் கடைசி ஞாயிறன்று அப்பா அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு காஞ்சிபுரம், உத்திரமேரூர், வேடந்தாங்கல் மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று காரில் கிளம்பினோம். காஞ்சியில் மூன்று கோயில் பார்த்துவிட்டு உத்திரமேரூர் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டே முக்கால். பெருமாள் கோயில் நடை சாத்தியாகிவிட்டது. குடவோலைக் கல்வெட்டை உச்சி வெயிலில் நின்று பார்த்தோம், ஓர் எழுத்தும் பிடிபடவில்லை. வேடந்தாங்கலில் பறவையே இல்லை. வீடு திரும்ப இரவு பத்தரை. அப்பாவுக்கு வயது 66. "இனிமேல் என்னை எங்கேயும் கூப்பிடாதே" என்கிறார். எங்கே தவறு செய்தோம்?

செ., பெருங்களத்தூர்

அன்புள்ள செ.,

மாதமும் தப்பு, மணியும் தப்பு. காஞ்சிபுரத்தைச் சேர்த்துக்கொண்டது மூன்றாவது தப்பு. அந்த ஊருக்கு ஒரு முழு நாள் வேண்டும், அதை வேறொரு வாரத்துக்குத் தள்ளிவிடுங்கள்.

முதலில் மணிக்கணக்கு. இந்தப் பக்கத்துக் கோயில்கள் பெரும்பாலும் பன்னிரண்டுக்குள் நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். சின்ன ஊர்களில் பட்டர் பதினொன்றரைக்கே பூட்டிக்கொண்டு போய்விடுவதும் உண்டு. ஆகவே 'ஒரு நாள் பயணம்' என்பது காலையில் நாலு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம், அவ்வளவுதான். நடுவில் இருப்பது சாப்பாட்டுக்கும் சாலைக்கும். காலைக்கு ஓர் ஊர், மாலைக்கு ஓர் இடம் என்று வைத்துக்கொண்டால் பெரியவர்களும் தாங்குவார்கள்.

ஆறு மணிக்குக் கிளம்பி, செங்கல்பட்டு வழியாக எட்டு மணி சுமாருக்கு உத்திரமேரூரில் இருங்கள். முதலில் சுந்தர வரதராஜப் பெருமாள் கோயில். பல்லவர் காலத்துக் கட்டுமானம். விமானத்தில் மூன்று தளம், ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று கருவறை. கீழே நின்ற கோலம், நடுவில் இருந்த (அமர்ந்த) கோலம், மேலே கிடந்த கோலம். மேல்தளம் எப்போதும் திறந்திருக்காது, பட்டரிடம் போன உடனே கேட்டுவைத்துவிடுங்கள். கூட்டமில்லாத காலை வேளையில் கேட்டால் பலன் உண்டு. படிகள் குறுகலானவை. மூட்டுவலி இருப்பவர்கள் கீழ்த்தளத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அடுத்தது கல்வெட்டு. வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் இருக்கிறது. உச்சி வெயிலில் படிக்க வராததற்குக் காரணம் உங்கள் கண் அல்ல. ஆழமில்லாத எழுத்துகள், ஒளி நேராக விழுந்தால் நிழலே கட்டாது. கைபேசி டார்ச்சைச் சுவரோடு ஒட்டி, பக்கவாட்டில் பிடியுங்கள். எழுத்து எழுந்து நிற்கும். மாவோ சுண்ணாம்போ தடவக் கூடாது, கல் கெட்டுப்போகும். முழுவதும் படிக்க முயல வேண்டாம். 'ஸ்வஸ்தி ஸ்ரீ' என்ற தொடக்கத்தைப் பிடித்து, அடுத்து வரும் 'மதிரை கொண்ட' என்பதைத் தேடுங்கள். மதுரையை வென்ற சோழ மன்னன் முதலாம் பராந்தகனைக் குறிக்கும் தொடர் அது. நடுநடுவே கிரந்த எழுத்து வரும், அங்கே தடுமாறினால் தாண்டிவிடலாம்.

கல்வெட்டுகள் இரண்டு. ஒன்று 919, மற்றது 921. இந்த இரண்டு வருட இடைவெளிதான் சுவாரசியம். ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு, அதாவது நிர்வாகக் குழுக்களுக்கு, ஆள் தேர்ந்தெடுக்க ஊரை முப்பது குடும்புகளாக (வட்டங்களாக) பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லும் முறை இரண்டிலும் உண்டு. ஆனால் வயது வரம்பு முதலில் 30 முதல் 60, பிறகு 35 முதல் 70 என்று மாறியிருக்கிறது. உங்கள் அப்பாவுக்குச் சொல்லுங்கள்: வயதை மட்டும் பார்த்தால் 919இல் அவர் பெயர் குடத்துக்குள் போயிருக்காது, 921இல் போயிருக்கும். கால்வேலிக்கு (வேலி பழைய நில அளவு) மேல் நிலமும் சொந்த மனையில் வீடும் இருக்க வேண்டும் என்பது வேறு விஷயம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவனுக்கு இடமில்லை, அவனுடைய அத்தை மாமன் மக்களுக்கும் இல்லை. பிள்ளைகளுக்கு இந்த இடம் பிடிக்கும்.

பதினொன்றரைக்கு முடித்துவிடுங்கள். ஞாயிறன்று மெஸ் திறந்திருக்கும் என்று நம்பிப் போகாமல் புளியோதரை, தயிர்சாதம் கட்டிக்கொண்டு போவது உத்தமம். வேடந்தாங்கல் அங்கிருந்து 20 கி.மீ. அளவில்தான். மூன்றரைக்கு முன்னால் போய்ச் சேர்ந்தால் கரையில் சும்மா வெயில் காய வேண்டியதுதான்.

செப்டம்பரில் அங்கே பறவை இருக்காது. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்ப வேண்டும். நீருக்குள் நிற்கும் மரங்களில்தான் கூடு கட்டும். சுற்றித் தண்ணீர் இருந்தால்தான் கூட்டுக்குக் காவல், குஞ்சுகளுக்கு இரை. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். மழை பொய்த்து ஏரி பெருகாத வருடம் ஜனவரியில் போனாலும் ஏமாற்றம்தான், அந்த வருடம் போகாதீர்கள். நாலரைக்கு மேல் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன் எல்லாம் இரையோடு கூட்டுக்குத் திரும்பும். குஞ்சு தாயின் தொண்டைக்குள் அலகை விட்டு மீனைப் பிடுங்குவதைப் பார்க்க 8×42 பைனாகுலர் போதும். 10 மடங்கு என்று வாங்கினால் கை நடுக்கத்தில் படம் ஆடும், பெரியவர்களுக்கு அது சரிப்படாது. ஏரிக்குள் கல்லெறிவதும் கைதட்டிப் பறவையைக் கிளப்புவதும் கூடாது என்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவையுங்கள். கூட்டை விட்டுத் தாய் எழுந்தால் முட்டை காகத்துக்குப் போகும். இந்த ஊர்க்காரர்கள் 1798லேயே கலெக்டரிடம் முறையிட்டு வேட்டைக்குத் தடை வாங்கியவர்கள், உங்களையும் அதட்டுவார்கள்.

பறவைகள் அடைகிற நேரத்தை முழுதாகப் பார்க்காமல் ஐந்தே முக்காலுக்குக் கிளம்புங்கள். ஆறு மணிக்குக் கதவை மூடுவார்கள், எல்லா வண்டியும் ஒன்றாகப் புறப்படும். படாளத்தில் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையைத் தொடும் வரை குறுகிய சாலை. பறவை பார்க்கும் அந்த மாதங்கள் கரும்பு வெட்டும் பருவமும்கூட, இருட்டில் டிராக்டர்களுக்குப் பின்விளக்கு இருக்கும் என்று எண்ணிக்கொண்டு ஓட்ட வேண்டாம். ஞாயிறு மாலை ஜி.எஸ்.டி. சாலையில் தென்மாவட்டத்து வண்டிகள் எல்லாம் சென்னைக்குள் நுழையும். சனிக்கிழமை போனால் இந்தத் தொல்லையில் பாதி குறையும்.

கார் இல்லாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒன்று. திருமால்பூர் மின்சார ரயிலில் பழையசீவரத்தில் இறங்கி, பாலாற்றுப் பாலம் தாண்டினால் திருமுக்கூடல். பாலாறு, வேகவதி, செய்யாறு கூடும் இடம். அங்குள்ள பெருமாள் கோயிலில் சோழ மன்னன் வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு 15 படுக்கை கொண்ட ஆதுலர்சாலையை (மருத்துவமனையை) பற்றிச் சொல்கிறது. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருபவர் என ஒவ்வொருவருக்கும் என்ன கூலி என்பது வரை. இந்தத் தடத்தில் ரயில்கள் குறைவு, இறங்கியதும் திரும்பும் வண்டியின் நேரத்தைக் குறித்துக்கொண்டு பிறகு பாலத்துக்கு நடங்கள்.