வலி வரட்டும் என்று காத்திருக்கலாமா?

கேள்வி: வால்பாறை எஸ்டேட்டில் இருக்கிறோம். என் மகளுக்கு 32 வாரம், முதல் பிரசவம் சிசேரியன். இப்போது நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடியிருக்கிறதாம். வலி வந்ததும் 108-ஐக் கூப்பிட்டால் போதாதா?

பதில்: போதாதும்மா. இந்த நிலையில் வலியே இல்லாமல் திடீரென ரத்தம் கொட்டலாம். 40 கொண்டை ஊசி வளைவு இறங்கிப் பொள்ளாச்சி சேரும் நேரம் அவளுக்குக் கிடைக்காமல் போகலாம். பழைய தையல் தழும்பில் நஞ்சுக்கொடி ஒட்டிவிட்டால் பிரசவத்தின்போது அது பிரியாது. அதனால் ரத்த வங்கியும் மயக்க மருந்து நிபுணரும் உள்ள பெரிய ஆஸ்பத்திரிதான் வேண்டும். டாக்டரிடம் கேட்டு, 34 வாரத்துக்குள் கோவையில் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே தங்க வையுங்கள். அதே குரூப் ரத்தம் கொடுக்க இரண்டு மூன்று பேரைப் பேசி வையுங்கள்.

அதற்குள் ரத்தம் பட்டால், துளியானாலும், உடனே 108. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கட்டும். சாப்பாடு, தண்ணீர் வேண்டாம். நனைந்த துணிகளை எறியாதீர்கள், எவ்வளவு போயிற்று என்று டாக்டர் பார்க்க வேண்டும். யாரும் கைவிட்டுப் பரிசோதிக்கவே கூடாது, ரத்தப்போக்கு பெருகிவிடும். மலை இறங்குமுன் உள்ளூர் ஆஸ்பத்திரியில் கையில் ஊசி போட்டு டிரிப் ஏற்றச் சொல்லுங்கள். ரத்தம் குறைந்தபின் நரம்பு கிடைப்பது கஷ்டம். போகும் இடத்துக்கு அங்கிருந்தே போன் செய்யச் சொல்லுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டும் தாய்சேய் அட்டையும் எப்போதும் பையிலேயே இருக்கட்டும்.