வாசகர் கேள்வி – நிபுணர் பதில்: மாதிரி ரயில் மன்றம்

கேள்வி: எங்கள் மாதிரி ரயில் மன்றத்தில் ஒன்பதே பேர். கண்காட்சிக்குக் கூட்டம் வருகிறது. உறுப்பினராகத்தான் யாரும் சேர்வதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: வேடிக்கை பார்ப்பவர் கையில் ரயிலின் வேகத்தை மாற்றும் கன்ட்ரோலரைக் கொடுங்கள். 12 வோல்ட் ரயிலுக்கு 6 வோல்ட் தாண்டாமல் கட்டுப்படுத்தினால் வேகம் குறைந்து, வளைவில் கவிழும் வாய்ப்பும் குறையும். பாதியில் ரயில் நின்றால் பெரும்பாலும் தண்டவாள அழுக்குதான் காரணம். அவ்வப்போது ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள்.

சேர்ந்தவரிடம் முதல் நாளே டிஜிட்டல் டிகோடர் (எஞ்சினுக்குள் இருந்து கட்டளைகளை ஏற்கும் சிப்) பாடம் எடுக்காதீர்கள். தப்பி ஓடுவார்! வீட்டில் செய்ய ஒரு டி-டிராக் (T-TRAK) பெட்டி கொடுங்கள்; மேலே தண்டவாளம் பதித்து, மற்றவற்றோடு வரிசையாக இணைக்கும் சிறு பலகைப் பெட்டி இது. சிறிய மாதிரி ரயில்களுக்கான ‘N’ அளவு, இரட்டைப் பாதை. ஒவ்வொரு பாதைக்கும் காட்டோ நிறுவனத்தின் யூனிட்ராக் தண்டவாளத்தில் 248 மி.மீ. துண்டு ஒன்று, 62 மி.மீ. துண்டு ஒன்று; மொத்தம் 310. பெட்டியின் பலகையை மட்டும் 308 மி.மீ. நீளத்துக்கு அறுக்க வேண்டும். புதியவர்கள் இதையும் 310க்கு அறுத்துவிடுவார்கள். பலகைகள் முதலில் முட்டிக்கொண்டு தண்டவாளங்கள் சேராது. ஆகவே அறுத்த பலகையாகவே கொடுப்பது நல்லது. வயலோ, ஸ்டேஷனோ, மேலே என்ன வைப்பது என்பது அவர் இஷ்டம். அடுத்த கூட்டத்தில் அதை மற்றப் பெட்டிகளோடு இணைத்து, மேலே ரயில் ஓட்டுங்கள். சந்தாவை அதற்குப் பிறகு கேட்கலாம்.