மேட்டூர் அணையின் உபரிநீரைச் சேலத்துச் சரபங்கா ஆற்றுப் பகுதிக்கு எடுப்பதில் மின்சாரமும் தயாரிக்க முடியுமா?

முடியாது. கேட்டவர் முல்லைப் பெரியாறை உதாரணம் காட்டியிருந்தார். அங்கே மேற்கே ஓடும் பெரியாற்றின் நீர் 1895-லிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வைகைப் படுகைக்கு, அதாவது வைகைக்கு நீர் வடியும் நிலப்பகுதிக்கு வருகிறது. சுரங்கத்தைத் தாண்டியதும் செங்குத்தான சரிவு. அந்த வீழ்ச்சியில்தான் லோயர் கேம்ப் மின்நிலையம் சுழல்கிறது. அதே தண்ணீர் அப்புறம் கம்பம் பள்ளத்தாக்கு வயலுக்குப் போகிறது.

நம் சேலத்தில் கதை தலைகீழ். மேட்டூர் அணை 120 அடி நிரம்பி உபரி வரும்போது, திப்பம்பட்டியில் மோட்டார் வைத்து மேட்டுக்கு ஏற்றுகிறார்கள். அதாவது மின்சாரம் செலவாகிறது. 100 வறண்ட ஏரிகளை நிரப்பும் இந்தத் திட்டம் 2021-ல் தொடங்கிவைக்கப்பட்டது. ஏரி நிறைந்தால் சுற்றுக் கிணறுகளில் ஊற்று ஏறும். எனக்கு அந்தச் செலவு நியாயமாகவே படுகிறது.

இன்னொன்று. பெரியாற்று நீர் வைகைக்கு வருவது ஒரு படுகையிலிருந்து இன்னொரு படுகைக்கு மாற்றுவது. இங்கே அப்படி இல்லை. சேர்வராயன் மலையில் பிறக்கும் சரபங்காவும் கடைசியில் காவிரியில்தான் சேர்கிறது. ஆகவே இது படுகை விட்டுப் படுகை மாற்றுவதே அல்ல. ஆத்தூர் வழியாக ஓடும் வசிஷ்ட நதி வெள்ளாற்றுப் படுகை. காவிரி நீரை அங்கே கொண்டுபோனால்தான் அந்தப் பெயர் பொருந்தும்.