வங்கி விற்பனையா, காப்பீட்டு விற்பனையா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: வங்கியில் விற்பனை அதிகாரி, காப்பீட்டு நிறுவனத்தில் விற்பனை மேலாளர், இரண்டு வேலையும் கிடைத்திருக்கிறது. எதில் வருமானம் அதிகம்?

பதில்: நிலையான சம்பளம் எவ்வளவு, டார்கெட் என்ன, எதையும் எழுதாமல் ‘எதில் அதிகம்’ என்று கேட்டால் நான் ஜோசியமா பார்க்க முடியும்? பொதுவாகச் சொல்கிறேன். வங்கியில் மாதச் சம்பளம் உறுதி. இன்சென்டிவ் மட்டும் டார்கெட்டில் ஒரு அளவைத் தாண்டிய பிறகுதான் தொடங்கும். 80 சதவீதம் என்று வைத்திருந்தால் 78-ல் நிற்பவருக்குப் பூஜ்யம். காப்பீட்டில் ‘விற்பனை மேலாளர்’ என்று போட்டிருந்தால், பெரும்பாலும் நீங்கள் நேரடியாகப் பாலிசி விற்கப் போவதில்லை. ஏஜென்ட்களைச் சேர்த்து, அவர்களை விற்க வைக்கப் போகிறீர்கள். ஆள் சேர்ப்பதே உங்கள் டார்கெட். அது தெரியாமல் சேர்ந்துவிட்டு மூன்றாவது மாதம் புலம்பிக் கடிதம் போடுகிறவர்கள் நிறைய. இரண்டு நியமனக் கடிதங்களையும் எடுத்து வைத்துப் படியுங்கள். எழுத்தில் இல்லாதது சம்பளம் இல்லை.

கேள்வி: வங்கி விற்பனை என்றால் கிளையில் உட்கார்ந்தே பார்க்கும் வேலைதானே?

பதில்: இல்லை. கார்டு, கடன், சம்பளக் கணக்கு எல்லாவற்றுக்கும் வெளியே அலைய வேண்டும். மாதக் கடைசியில் உங்கள் நாற்காலி காலியாகத்தான் இருக்கும்.

கேள்வி: புதிதாக ஏஜென்ட் ஆகியிருக்கிறேன். பயிற்சியில் தெரிந்தவர்கள் 100 பேரின் பெயரை எழுதச் சொன்னார்கள். சொந்தக்காரர்களிடம் போய் நிற்கக் கூச்சமாக இருக்கிறது.

பதில்: கூச்சம் நல்லதுதான், வைத்துக்கொள்ளுங்கள். அந்த 100 பெயர்ப் பட்டியல் இந்தத் தொழிலில் பழைய வழக்கம். ஆறு மாதத்தில் நீங்கள் விலகிவிட்டாலும் உங்கள் சித்தப்பாவின் பாலிசி நிறுவனத்திடம் இருக்கும், அதனால் அவர்களுக்கு நஷ்டமில்லை. பட்டியல் தீர்ந்த பிறகு யாரைப் பார்ப்பீர்கள்? இதற்குப் பதில் இருந்தால் தொடருங்கள். வங்கிக்காரருக்குக் கிளைக்குள் வருகிறவர்கள் இருக்கிறார்கள், கணக்கு விவரம் இருக்கிறது, வாசலில் பெயர்ப்பலகை இருக்கிறது. ஏஜென்டுக்கு அவர் முகம்தான் பெயர்ப்பலகை. இரண்டு வேலைக்கும் நடுவே சம்பளத்தைவிடப் பெரிய வித்தியாசம் இதுதான்.

கேள்வி: நான் பிடித்துக் கொடுத்த இரண்டு பாலிசிகள் இரண்டாம் வருடம் பிரீமியம் கட்டாமல் நின்றுவிட்டன. கொடுத்த கமிஷனில் ஒரு பகுதியைத் திரும்பப் பிடிக்கிறார்கள். நியாயமா?

பதில்: ஒப்பந்தத்தில் இருந்தால் பிடிக்கலாம். படித்தீர்களா என்று நான் கேட்கப் போவதில்லை, பதில் தெரியும். ஆயுள் காப்பீட்டில் முதல் வருடக் கமிஷன் பெரிது, பிறகு வருவது சிறிது. அதனால்தான் 13-வது மாதப் பிரீமியம் வருகிறதா என்று நிறுவனம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கும். கட்ட முடியாத தொகைக்குப் பாலிசி போட்டுக் கொடுத்தால் அந்த மாதம் உங்களுக்கே திரும்பி வரும். வங்கியில் இருந்து பாலிசி விற்றவருக்கு இந்தச் சூடு அவ்வளவாகத் தெரியாது. பாலிசி காலாவதியாகும்போது அவர் பெரும்பாலும் வேறு கிளையில் இருப்பார்.

கேள்வி: வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறேன். ‘காப்பீடு எடுத்தால்தான் கடன் பாஸ் ஆகும்’ என்று வாடிக்கையாளரிடம் சொல்லும்படி மேலாளர் வாய்மொழியாகச் சொல்கிறார். எல்லா இடத்திலும் நடப்பதுதானே, சொல்லலாமா?

பதில்: சொல்லாதீர்கள். இந்த விஷயத்தைத் தொட்டால் எனக்குச் சீக்கிரம் நிறுத்த வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடன் கேட்டு வந்தவர் ‘வேண்டாம்’ என்று சொல்லும் நிலையில் இல்லை. அதைத் தெரிந்துகொண்டு விற்பதற்கு விற்பனை என்று பெயர் கிடையாது. அடமானம் வைத்த வீட்டுக்குத் தீ விபத்துக் காப்பீடு வேண்டும் என்று வங்கி கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. ‘நாங்கள் காட்டும் நிறுவனத்தின் ஆயுள் பாலிசியைத்தான் எடுக்க வேண்டும்’ என்று வங்கி சொல்வதில் என்ன அர்த்தம்? கமிஷன்தான். அந்தப் பிரீமியத்தையும் கடனோடு சேர்த்து, அதற்கும் வட்டி வாங்குவார்கள்.

பிரிட்டனில் கடன் தவணைக் காப்பீட்டை வங்கிகள் இப்படித்தான் தள்ளிவிட்டன. வேலை போனால் கைகொடுக்கும் என்று சொன்ன அந்தப் பாலிசி, க்ளெய்மே கேட்க முடியாத சுயதொழில்காரர்கள் தலையிலும் கட்டப்பட்டது. கடைசியில் வங்கிகள் திருப்பிக் கொடுத்தது சுமார் 3,800 கோடி பவுண்டு. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுத் திட்டங்கள் என்று டார்கெட் வைத்தார்கள். ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே கணக்குத் திறந்தார்கள். 2016-ல் 18.5 கோடி டாலர் அபராதம். தலைமை அதிகாரி பதவி விலகியது அதற்குப் பிறகு. அதற்கு முன்பே, ஐந்து வருடத்தில், சுமார் 5,300 பேருக்கு வேலை போயிருந்தது. அவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போலக் கிளையில் இருந்தவர்கள்.

‘எல்லா இடத்திலும் நடக்கிறது’ என்று அவர்களும் சொல்லியிருப்பார்கள். புகார் வரும்போது படிவத்தில் இருப்பது உங்கள் ஊழியர் எண். மேலாளர் சொன்னதற்குச் சாட்சி ஏது? ‘காப்பீடு கட்டாயம் என்று சொல்ல வேண்டுமா, உறுதிப்படுத்துங்கள்’ என்று மரியாதையாக ஒரு மெயில் போடுங்கள். பதில் வராது. வராத அந்தப் பதிலே உங்களுக்குப் போதும். முன்பு சொன்னதுதான் இங்கும்: எழுத்தில் இல்லாதது உத்தரவும் இல்லை.

கேள்வி: வங்கியை விட்டு ஏஜென்டாகப் போகிறேன். என் வாடிக்கையாளர்களின் போன் நம்பர்களை எடுத்துப் போகலாமா?

பதில்: கூடாது. அவர்கள் வங்கியின் வாடிக்கையாளர்கள், விவரமும் வங்கியுடையது. எடுத்துப் போனால் வேலை ஒப்பந்தத்தை மீறியதாகும், சட்டச் சிக்கலும் வரலாம். அப்புறம் இன்னொன்று: அவர்களில் பாதிப் பேர் உங்கள் நாற்காலியில் அடுத்து யார் உட்கார்ந்தாலும் அவரிடம்தான் போவார்கள்.

கேள்வி: விசிட்டிங் கார்டில் ‘எம்டிஆர்டி’ என்று போடும் ஏஜென்டிடம் வேலை கற்றுக்கொள்ளலாமா?

பதில்: ‘மில்லியன் டாலர் ரவுண்ட் டேபிள்’ என்பதன் சுருக்கம், 1927-ல் அமெரிக்காவில் தொடங்கிய காப்பீட்டு விற்பனையாளர் சங்கம் அது. நன்னடத்தை விதிகள் உண்டு. ஆனால் உள்ளே போக முக்கியமாகப் பார்ப்பது எவ்வளவு விற்றார் என்பதை. வாங்கியவர்களில் எத்தனை பேர் ஐந்தாம் வருடமும் பிரீமியம் கட்டுகிறார்கள் என்று அவரிடம் கேளுங்கள். பட்டென்று பதில் சொன்னால் சேரலாம்.

கேள்வி: எனக்குப் புது ஆட்களிடம் பேச வராது, டார்கெட் என்றாலே பயம். எந்த விற்பனை வேலை சரிப்படும்?

பதில்: எதுவும் சரிப்படாது. கடன் பரிசீலனை, அண்டர்ரைட்டிங் (யாருக்குப் பாலிசி கொடுக்கலாம் என்று முடிவு செய்வது), க்ளெய்ம் பிரிவுகளில் ஆள் எடுப்பார்கள். அங்கே விண்ணப்பியுங்கள்.