சென்சாரில் எழுதுவது ஒன்று, காருக்குச் சொல்வது இன்னொன்று

டயர் காற்றழுத்த சென்சார் பற்றி வந்த கேள்விகளைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். எல்லாமே அந்த சென்சாரை எழுப்பவும், அதில் எழுதவும், காரில் பதிய வைக்கவும் பயன்படும் கையடக்கக் கருவியைச் சுற்றித்தான். வாங்கியவர்களும் கேட்டிருக்கிறார்கள், வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் கேட்டிருக்கிறார்கள்.

கேள்வி: புது சென்சார் ஒன்று வாங்கி, கருவியில் என் கார் மாடலைத் தேர்ந்தெடுத்து புரோகிராம் செய்தேன். திரையில் வெற்றி என்று வந்தது. டயரில் மாட்டி ஓட்டினால் மஞ்சள் விளக்கு கொஞ்ச நேரம் சிமிட்டிவிட்டு அப்படியே எரிந்துகொண்டிருக்கிறது. சென்சார் கோளாறா, கருவி கோளாறா?

இரண்டுமே நன்றாக இருக்கலாம். நீங்கள் பாதி வேலையை முடித்துவிட்டு முழுதும் முடிந்ததாக நினைத்துவிட்டீர்கள், அவ்வளவுதான். இதில் தப்பும் இல்லை. அந்தக் கருவியின் திரையில் வரும் வார்த்தைகள் அப்படிக் குழப்புகின்றன.

இந்தக் கருவி மூன்று வேலை செய்கிறது. முதலாவது, தூங்கும் சென்சாரை எழுப்புவது. கார் நிற்கும்போது பேட்டரியை மிச்சம் பிடிக்க சென்சார் தூங்கிவிடும். கருவி 125 கிலோஹெர்ட்ஸில் ஒரு சிக்னல் அனுப்பித் தட்டி எழுப்பினால், அது தன் எண், அழுத்தம், வெப்பநிலை, பேட்டரி நிலை எல்லாவற்றையும் ரேடியோவில் சொல்லும். இரண்டாவது, புரோகிராம் செய்வது. எந்தக் காருக்கும் பொருந்துகிற மாதிரி விற்கிற வெற்று சென்சாருக்குள், உங்கள் கார் எந்த மொழியில் கேட்குமோ அந்த மொழியையும் ஓர் அடையாள எண்ணையும் எழுதுவது. மூன்றாவதுதான் ரீலேர்ன். அந்தப் புது எண்ணைக் காரின் கணினிக்குச் சொல்லி, 'இனி இதுதான் உன் சக்கரம்' என்று பதிய வைப்பது.

நீங்கள் செய்தது இரண்டாவது. கார் இன்னும் பழைய எண்ணைத்தான் தேடிக்கொண்டிருக்கிறது. சென்சார் பாட்டுக்குப் புது எண்ணைக் கத்திக்கொண்டு போகிறது, கேட்க ஆளில்லை. விளக்கும் அதையேதான் சொல்கிறது: வண்டியைக் கிளப்பியதும் ஒரு நிமிடம் முதல் ஒன்றரை நிமிடம் வரை சிமிட்டிவிட்டு நிலையாக எரிந்தால் காற்று குறைவு இல்லை, அமைப்பில் கோளாறு. சிமிட்டாமல் நேராக எரிந்தால்தான் காற்று குறைவு. ரீலேர்ன் செய்யுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

காருடனேயே வந்த ஒரிஜினல் சென்சார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதை மறுபடி புரோகிராம் செய்ய முடியாது, தேவையும் இல்லை. அதன் மொழியும் எண்ணும் தயாரிக்கும்போதே எழுதியாயிற்று. அதற்கு ரீலேர்ன் மட்டும் போதும்.

கேள்வி: ரீலேர்ன் செய்யப் போனேன். முன் இடது சக்கரத்தில் ஹாரன் ஒருமுறை அடித்தது, அடுத்ததில் எவ்வளவு நேரம் வைத்திருந்தும் சத்தமே இல்லை. என்ன தப்பு செய்தேன்?

ஒரு சக்கரத்தைப் பதிந்துகொண்டதும் கார் ஹாரன் அடித்துச் சொல்லும், அதற்குத்தான் காத்திருக்கிறீர்கள். முதலில் வரிசையைப் பாருங்கள். நின்ற நிலையில் ரீலேர்ன் செய்யும் பல கார்களில் முன் இடது, முன் வலது, பின் வலது, பின் இடது என்று காரைச் சுற்றி வர வேண்டும். பலர் முன் இடதுக்கு அப்புறம் பின் இடதுக்குப் போய்விடுகிறார்கள். அப்படிப் போனாலும் கார் கேட்டுக்கொள்ளும், ஆனால் இடம் மாறிப் பதிந்துவிடும். பின்னால் காற்று இறங்கும்போது முன்னால் என்று காட்டும். உங்கள் வண்டிக்கு என்ன வரிசை என்று கருவியே திரையில் காட்டும், அதைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

வரிசை சரி, ஆனாலும் சத்தம் இல்லை என்றால், கருவியை எங்கே பிடித்தீர்கள் என்பதுதான் அடுத்த கேள்வி. சென்சார் இருப்பது வால்வுக்கு நேர் உள்ளே, ரிம்மை ஒட்டி. கருவியை ரிம்மின் மேல் வைத்தால் அந்த உலோகமே சிக்னலை மறைத்துவிடும். வால்வுக்குப் பக்கத்தில், டயரின் ரப்பர் பக்கச்சுவரில் ஒட்டினாற்போல் வைத்து, ஆன்டெனாவை உள்நோக்கித் திருப்பிப் பிடியுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் வண்டியை அரைச் சக்கரம் நகர்த்தி வால்வு வேறு இடத்துக்கு வந்ததும் முயலுங்கள். எதனால் என்று தெரியாமலேயே அது பல தடவை எனக்கு வேலை செய்திருக்கிறது.

நேரமும் ஒரு கணக்கு. ரீலேர்ன் நிலை காரில் சில நிமிடங்கள்தான் திறந்திருக்கும். ஒரு சக்கரத்திலேயே நின்று போராடினால் கார் அந்த நிலையிலிருந்து வெளியே வந்துவிடும், மறுபடி முதல் சக்கரத்திலிருந்துதான். அதனால் நான் ரீலேர்ன் தொடங்குவதற்கு முன்பே நாலு சக்கரத்தையும் கருவியால் ஒரு சுற்று படித்துப் பார்த்துவிடுவேன். நாலும் பதில் சொன்னால்தான் காரை ரீலேர்ன் நிலைக்குக் கொண்டுபோவேன். இரண்டு நிமிட வேலை, அரை மணி நேரக் கோபத்தை மிச்சம் பிடிக்கும்.

எல்லாக் காருக்கும் இந்தச் சுற்றி வரும் முறை கிடையாது. சில கார்கள் கொஞ்ச தூரம் ஓட்டினாலே தாமாகக் கற்றுக்கொள்ளும். சில கார்களுக்கு, குறிப்பாகப் பல டொயோட்டா மாடல்களுக்கு, கருவியை ஓபிடி போர்ட்டில் (காரின் கணினியோடு பேச ஸ்டியரிங் பக்கம் இருக்கும் செருகுவாய்) செருகி எண்களை நேராகக் கணினிக்குள் எழுதியாக வேண்டும். எந்த முறை என்பது காரைப் பொறுத்தது, கருவியைப் பொறுத்தது அல்ல.

கேள்வி: பழைய சென்சாரின் எண்ணையே புதியதில் எழுதிவிட்டால் ரீலேர்ன் தொல்லையே இல்லை என்கிறார்களே, உண்மையா?

உண்மை. பழையது இன்னும் உயிரோடு இருந்தால் கருவியால் அதைப் படித்து, அதே எண்ணைப் புதியதில் நகல் எடுக்கலாம். சென்சார் மாறியதே காருக்குத் தெரியாது. எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான்.

ஆனால் இதில் நானே ஒருமுறை சொதப்பியிருக்கிறேன். இரண்டு சென்சார் மாற்ற வேண்டியிருந்தது. முதல் பழையதைப் படித்தேன், புதியதில் எழுதினேன். இரண்டாவதுக்கு வரும்போது பழையதைப் படிக்க மறந்து, கருவியின் நினைவில் இருந்த முதல் எண்ணையே மறுபடி எழுதிவிட்டேன். டயர் மாட்டி, காற்று அடித்து, சமநிலை பார்த்து எல்லாம் முடிந்தது. ஓட்டினால் ஒரு சக்கரத்தின் அழுத்தம் 33 என்றும் 36 என்றும் மாறி மாறிக் குதிக்கிறது, இன்னொரு சக்கரம் ஆளையே காணோம். இரண்டு சென்சாரும் ஒரே பெயரில் பேசியிருக்கின்றன! டயரைத் திரும்பக் கழற்றத் தேவை வரவில்லை. அந்த வகை சென்சாரை டயருக்குள் இருக்கும்போதே மறுபடி எழுத முடிந்தது. ஆனால் அது தெரியும்வரை ஒரு மாலைப்பொழுது போயிற்று. அன்றிலிருந்து புது சென்சார் டயருக்குள் போகும் முன் அதைத் தனியாக எடுத்துப் படித்து, வந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி வைக்கிறேன்.

இன்னொன்று. புரோகிராம் செய்யும்போது மேசையில் மற்ற சென்சார்களைப் பக்கத்தில் குவித்து வைக்காதீர்கள். எது பதில் சொன்னது என்று கருவிக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

கேள்வி: பழைய சென்சார் செத்துப்போய்விட்டது, கருவிக்குப் பதிலே சொல்லவில்லை. இனி நகல் எடுக்க வழி உண்டா?

இரண்டு வழி உண்டு. உங்கள் கருவியில் ஓபிடி கேபிள் இருந்தால், பல கார்களில் கணினிக்குள் பதிந்திருக்கும் நாலு எண்களையும் அதன் வழியே படிக்கலாம். செத்த சக்கரத்தின் எண்ணும் அங்கே இருக்கும். இல்லையென்றால் டயரைக் கழற்றியதும் சென்சாரின் உடம்பிலேயே எண் அச்சிட்டிருக்கும், அதைக் கையால் தட்டச்சு செய்யலாம்.

கையால் தட்டும்போது கவனம். இந்த எண்கள் பெரும்பாலும் பதினாறு அடிமான முறையில் இருக்கும்: 0 முதல் 9 வரை, அப்புறம் ஆங்கில எழுத்து ஏ முதல் எஃப் வரை. ஆகவே வட்டமாக எது தெரிந்தாலும் அது பூஜ்யம்தான், ஆங்கில ஓ எழுத்து அங்கே வரவே வராது. ஆனால் 8 என்ற எண்ணும் பி என்ற எழுத்தும் இரண்டுமே வரும், அழுக்கில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். துடைத்துவிட்டுப் படியுங்கள். சில சென்சார்களில் எழுத்தே இல்லாமல் வெறும் பத்து அடிமான எண்ணாக அச்சிட்டிருப்பார்கள். அப்போது கருவியிலும் அந்த முறைக்கு மாற்றிக்கொண்டு தட்ட வேண்டும்.

கேள்வி: கருவி நாலு சக்கரத்திலும் எதையுமே படிக்கவில்லை. ஆனால் காரில் டயர் அழுத்த எச்சரிக்கை விளக்கு இருக்கிறது.

நாலும் ஒரே நாளில் சாகாது. உங்கள் சக்கரத்துக்குள் சென்சாரே இல்லாமல் இருக்கலாம். காற்று குறைந்த டயரின் சுற்றளவு கொஞ்சம் குறையும், அதனால் அது மற்றவற்றைவிட வேகமாகச் சுழலும். அந்த வித்தியாசத்தை ஏபிஎஸ் பிரேக்குக்காக இருக்கும் சக்கர வேக சென்சாரை வைத்தே கண்டுபிடிக்கும் கார்கள் நிறைய உண்டு. அவற்றில் ஒவ்வொரு டயரின் அழுத்தமும் எண்ணாகத் தெரியாது, விளக்கு மட்டும்தான். அதற்கு இந்தக் கருவியே வேண்டாம். நாலு டயரிலும் சரியாகக் காற்று பிடித்துவிட்டு, ரீசெட் பொத்தானையோ மெனுவையோ அழுத்தினால் முடிந்தது. கருவி வாங்கும் முன் இதைப் பார்த்திருக்கலாம்.

ஒருவேளை ஒவ்வொரு டயரின் அழுத்தமும் தனித்தனியாகத் திரையில் தெரிகிற கார் என்றால், கருவியில் மாடலையும் தயாரிப்பு ஆண்டையும் சரிபாருங்கள். ஒரே மாடல் அடுத்த ஆண்டில் வேறு சென்சாருக்கு மாறியிருக்கும்.

கேள்வி: 315, 433 என்று இரண்டு எண் போட்டு விற்கிறார்கள். எதை வாங்குவது?

அது ரேடியோ அலைவரிசை, மெகாஹெர்ட்ஸ் கணக்கில். வட அமெரிக்காவுக்கான கார்களில் 315 அதிகம், ஐரோப்பாவுக்கானவற்றில் 433. ஆனால் இதை நாட்டை வைத்து ஊகிக்காதீர்கள். இருக்கும் சென்சாரைக் கருவியால் படித்தால் அலைவரிசையையும் சேர்த்தே காட்டும். தப்பான அலைவரிசை சென்சாரைக் கருவி படிக்கும், எழுதும், எல்லாம் செய்யும். கார் மட்டும் கேட்காது. இரண்டிலும் பேசக்கூடிய சென்சார்களும் வருகின்றன. நிச்சயமில்லை என்றால் அதுவே நல்லது.

கேள்வி: பேட்டரியை மட்டும் மாற்ற முடியாதா?

உள்ளே பிசின் ஊற்றி அடைத்திருப்பார்கள். அறுத்து மாற்றியவர்கள் உண்டு, நான் செய்ய மாட்டேன். ஐந்து முதல் பத்து வருடம் உழைத்திருக்கும், விட்டுவிடுங்கள். ஒன்று வயதாகிச் செத்தால் மற்ற மூன்றும் அதே வயதுதான் என்பதையும் நினைவில் வையுங்கள். டயர் மாற்றும் நேரமாக இருந்தால் நாலையும் சேர்த்து மாற்றிவிடுவேன்.

கேள்வி: காலையில் கிளம்பும்போது விளக்கு எரிகிறது, கொஞ்ச தூரம் போனதும் அணைந்துவிடுகிறது. மறுபடி புரோகிராம் செய்ய வேண்டுமா?

வேண்டாம், காற்று பிடியுங்கள். குளிரில் அழுத்தம் இறங்குவது உண்மைதான், ஆனால் 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் ஒரு சாதாரண கார் டயரில் இறங்குவது ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ. அமெரிக்க விதிப்படி, கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ள அழுத்தத்தைவிட 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிந்தாக வேண்டும். 33 பிஎஸ்ஐ டயரில் அது 25க்குக் கொஞ்சம் கீழே. அந்த அளவில் எரிகிற விளக்கு என்றால், குளிர் மட்டும் உங்களை அங்கே கொண்டுபோயிருக்காது. ஏற்கெனவே நிறைய இறங்கியிருக்கிறது, குளிர் கடைசி ஒன்றரையைத்தான் இறக்கியிருக்கிறது. ஓட்டி டயர் சூடானதும் ஏறிக்கொள்வதால் விளக்கு அணைகிறது. வண்டி ஆறியிருக்கும்போது தனி கேஜ் வைத்து அளந்து பாருங்கள், ஒரு டயர் மட்டும் குறைவாக இருந்தால் பஞ்சரைத் தேடுங்கள்.

கேள்வி: எனக்கு ஒரே ஒரு கார். எந்தக் கருவி வாங்கலாம்?

குளிர்காலத்துக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று என்று வருடத்துக்கு இரண்டு முறை சக்கர செட்டை மாற்றுபவர் என்றால் எழுப்ப மட்டும் தெரிந்த சின்னக் கருவி போதும், அதுவும் சுற்றி வந்து ரீலேர்ன் செய்யும் கார் என்றால் மட்டும். வெற்று சென்சார் வாங்கி நீங்களே எழுதப்போகிறீர்கள் என்றால் புரோகிராம் வசதியும், உங்கள் கார் கேட்டால் ஓபிடி வசதியும் சேர்ந்ததாக வேண்டும். வாங்கும் முன் பார்க்க வேண்டியது சென்சாரும் கருவியும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகுமா என்பது. ஆட்டெல் கருவிகள் தங்கள் எம்எக்ஸ் சென்சாரைத்தான் எழுதும், ஏடெக், பார்டெக் கருவிகள் பல கம்பெனி சென்சார்களை எழுதும். சென்சாரை முதலில் வாங்கிவிட்டுக் கருவி தேடுபவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். ஐந்து வருடத்தில் ஒருமுறை ஒரு சென்சார் மாற்றப்போகிறவர் என்றால் கருவியே வாங்காதீர்கள். டயர் கடையில் அவர்கள் கருவியால் எழுதி, ரீலேர்னும் முடித்து, விளக்கு அணைந்ததைக் காட்டச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகி மாட்டும் சென்சார் வைத்திருக்கிறேன். அதையும் இந்தக் கருவியால் எழுதலாமா?

முடியாது. அது தன்னுடன் வந்த திரையோடு மட்டும் பேசும், உங்கள் காருக்கு அது இருப்பதே தெரியாது.