தென்பெண்ணைக் கரையில் சைக்கிள்: பர்மிட் யாருக்கு வேண்டும்?

கேள்வி: வேலூரில் இருக்கிறேன், வயது 46. பொங்கல் விடுமுறையில் 14 வயது மகளோடு கிருஷ்ணகிரி அணையிலிருந்து அனுமன்தீர்த்தம் வரை தென்பெண்ணை ஆற்றை ஒட்டி இரண்டு நாள் சைக்கிளில் போக ஆசை. ஏற்பாடு செய்து தருவதாகச் சொல்லும் ஒருவர், அணை, கோட்டை, வனம் மூன்றுக்கும் பர்மிட் எடுக்க வேண்டும், கியர் சைக்கிள் வாடகையும் சேர்த்து இருவருக்கும் 6,800 ரூபாய் ஆகும் என்கிறார். 1,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன். இந்தப் பர்மிட் உண்மைதானா? எங்கள் சைக்கிளையே ரயிலில் கொண்டுவர முடியாதா?

பதில்: பர்மிட் வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் கேட்டிருக்கும் பாதை முழுக்க ஊர்ச்சாலை. டவுன் பஸ் போகிறது, மாங்காய் லோடு போகிறது, ஆட்டு மந்தை போகிறது. அதற்கெல்லாம் இல்லாத பர்மிட் உங்கள் சைக்கிளுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? அணைப் பூங்கா வாசலில் சில்லறைக் கட்டணம் வாங்கிக்கொண்டு சீட்டு கிழித்துத் தருவார்கள். கிருஷ்ணகிரிக் கோட்டை தொல்லியல் துறையின் பொறுப்பு. கட்டணமோ நேரமோ எதுவானாலும் அந்தத் துறையின் பலகையில் இருக்கும், வாட்ஸ்அப்பில் வராது. கோயில்களுக்கு நடை திறந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

இருபது வருடமாக இந்தக் கரையில் ஆட்களைச் சைக்கிளில் கூட்டிப்போகிறேன். போன வருடம் ஒரு குடும்பம் லேமினேட் செய்த தாள் ஒன்றைக் காட்டியது. மேலே 'அனுமதிச் சீட்டு', கீழே ஒரு ரப்பர் ஸ்டாம்ப். ஸ்டாம்பில் எந்தத் துறையின் பெயரும் இல்லை, 'ஒருங்கிணைப்பாளர்' என்று மட்டும் இருந்தது. ஐந்து பேருக்கு எட்டாயிரம் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாளை வழியில் ஒருவரும் கேட்கவில்லை, கேட்க ஆளும் இல்லை.

இந்த வியாபாரம் ஓடுவதற்குக் காரணம் அரசாங்கம்தான். அணை ஒரு துறை, கோட்டை ஒரு துறை, கோயில் ஒரு துறை, காடு இன்னொரு துறை. 'இங்கே போக அனுமதி தேவையில்லை' என்று நான்கும் சேர்ந்து ஒரே பலகையில் எழுதி வைத்தால் இந்த ஆட்களுக்குப் பிழைப்பே இல்லை. எழுதமாட்டார்கள். போனில் கேட்டால் 'அது எங்களுக்கு வராது சார்' என்பார்கள். அந்த இடைவெளியில்தான் புரோக்கர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

வனப் பர்மிட் என்ற கதைக்கு ஊர்ப் பெயரையே சாட்சியாகக் காட்டுவார்கள். நீங்கள் கடக்கப்போகும் ஊர் காவேரிப்பட்டணம். 'காவேரி சரணாலயம் சார், பாஸ் இல்லாமல் விடமாட்டான்' என்று ஆரம்பிப்பார்கள். காவேரிப்பட்டணம் இருப்பது தென்பெண்ணைக் கரையில். காவிரி தெற்குச் சரணாலயம் என்று ஒன்று இருப்பது உண்மை. 2022-ல் அறிவித்தார்கள், சுமார் 686 சதுர கிலோமீட்டர். ஆனால் அது மேற்கே, காவிரியை ஒட்டிய மலைக்காட்டில் இருக்கிறது. நீங்கள் போகும் திசை தென்கிழக்கு.

ஒரே ஒரு விலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 'வந்தது வந்தீர்கள், ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி வீட்டையும் பார்த்துவிடலாம், ராயக்கோட்டைக் கோட்டையும் ஏறிவிடலாம்' என்று யாராவது உங்களை ஆற்றின் மேல்பக்கம், ஓசூர்ப் பக்கம் இழுத்தால் கணக்கு மாறிவிடும். ஓசூருக்கும் ராயக்கோட்டைக்கும் நடுவில் சானமாவு காடு இருக்கிறது. ராகி அறுவடைக் காலத்தில் கர்நாடகப் பக்கத்திலிருந்து யானைக்கூட்டம் இறங்கி அங்கே தங்கும். பகலில் காட்டுக்குள் படுத்திருக்கும், பொழுது சாய்ந்ததும் வயலுக்குப் போகச் சாலையைக் கடக்கும். பொங்கல் நேரம் சரியாக அந்தக் காலத்தில் விழுகிறது. தார்ச்சாலையில் போக அங்கேயும் பர்மிட் கிடையாது. ஆனால் சாலையை விட்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கினால் அது காப்புக்காடு, வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. எந்தப் புரோக்கர் தாளும் அங்கே செல்லாது. மாலை ஐந்துக்கு மேலும் காலை ஏழுக்கு முன்னும் அந்தச் சாலையில் சைக்கிள் வேண்டவே வேண்டாம். பகலில் போவதானாலும் வழியில் டீக்கடையில் நிறுத்தி, 'ஆனை எந்தப் பக்கம் நிக்குது?' என்று கேட்டுவிட்டுப் போங்கள். அங்கே அது சாதாரணக் கேள்வி, யாரும் சிரிக்கமாட்டார்கள். சைக்கிளுக்குச் சத்தம் கிடையாது என்பதுதான் ஆபத்து. வளைவு திரும்பும்வரை நீங்கள் வருவது யானைக்கும் தெரியாது, யானை நிற்பது உங்களுக்கும் தெரியாது. பாப்பாவோடு போகிறீர்கள். தொரப்பள்ளியை இன்னொரு முறை பஸ்ஸில் போய்ப் பாருங்கள்.

சைக்கிளுக்கு வருவோம். இந்தப் பாதைக்குக் கியர் கட்டாயமில்லை. ஆற்றோடு கீழ்நோக்கிப் போவதால் பெரிய ஏற்றம் கிடையாது. அவர் தரும் கியர் சைக்கிளில் வால்வு மெல்லிசாக, நுனியில் திருகோடு இருந்தால் அது வேறு ரகம். கிராமத்துப் பஞ்சர் கடைப் பம்பு அதற்குப் பொருந்தாது, அந்த அளவு டியூபும் கிடைக்காது. சாதாரண சைக்கிள் என்றால் வால் டியூபிலிருந்து பிரேக் கட்டை வரை காவேரிப்பட்டணத்திலேயே வாங்கிவிடலாம். கால்வாய்க் கரை நிழலாக இருக்கிறதே என்று இறங்கிவிடாதீர்கள். கருவேல முள்ளும் நெருஞ்சியும் அரை மணி நேரத்தில் இரண்டு டயரையும் சல்லடை ஆக்கிவிடும். வாடகைக்கு எடுத்தே ஆக வேண்டும் என்றால் அசல் ஆதார் அட்டையை அடமானமாகக் கொடுக்காதீர்கள். நகல் போதும்.

ரயில். கிருஷ்ணகிரி 2004-ல் மாவட்டத் தலைநகர் ஆனது. இன்றுவரை அந்த ஊருக்கு ரயில் நிலையம் கிடையாது. பழைய காலத்தில் திருப்பத்தூரிலிருந்து வந்துகொண்டிருந்த தண்டவாளத்தையும் பெயர்த்துவிட்டார்கள். புது ரயில் பாதை என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் பேச்சு மட்டும் தவறாமல் வந்துவிடும். காட்பாடியில் ஏறினால் ஜோலார்பேட்டையிலோ மொரப்பூரிலோ இறங்கலாம்.

சைக்கிளை இரண்டு வகையில் பதியலாம். லக்கேஜ் என்று பதிந்தால் உங்கள் டிக்கெட்டோடு, நீங்கள் போகும் வண்டியிலேயே, சாமான் ஏற்றும் பிரேக் வேனில் வரும். பார்சல் என்று பதிந்தால் அது எந்த வண்டியில் வரும் என்பது அதன் தலையெழுத்து. பார்சல் ஆபீஸ் வாசலில் நிற்பவர் உங்களைப் பார்சல் பக்கமே தள்ளுவார். சாக்கு கட்ட ஒரு தொகை, ஏற்ற ஒரு தொகை, 'உள்ளே கொடுக்க' ஒரு தொகை. எனக்கே ஒருமுறை நடந்தது. நான் இறங்கியது சனிக்கிழமை, சைக்கிள் வந்தது திங்கட்கிழமை, ஹேண்டில் ஒரு பக்கம் திரும்பியிருந்தது. கவுன்டருக்கு நேராகப் போய் 'லக்கேஜ்' என்ற சொல்லையே சொல்லுங்கள், ரசீதில் அதுதான் இருக்கிறதா என்று பாருங்கள். சின்ன நிலையத்தில் வண்டி இரண்டு நிமிடம்தான் நிற்கும், பதியமாட்டோம் என்றால் சண்டை போடாமல் ஜோலார்பேட்டைக்குப் பதியுங்கள். அதைவிடச் சுலபம், தெரிந்தவர் குட்டியானை வண்டி கிருஷ்ணகிரிப் பக்கம் காலியாக வருகிறதா என்று விசாரிப்பது.

பாதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் நாள் விடியற்காலை கோட்டை மலை. உள்ளூரில் சையத் பாஷா மலை என்பார்கள். 1791-ல் ஆங்கிலேயர் படை தாக்கிப் பிடிக்க முடியாமல் திரும்பிய மலை, அதனால் நீங்கள் பாதியில் திரும்பினாலும் அவமானமில்லை. பிறகு அணை. 1957-ல் காமராஜர் திறந்து வைத்தது, முழுக் கொள்ளளவு மட்டம் 52 அடி. அங்கிருந்து காவேரிப்பட்டணம், பெண்ணேஸ்வரமடம் கோயில், நெடுங்கல் அணைக்கட்டு, பாரூர் ஏரி. நெடுங்கல்லில் மடக்கிய ஆற்றுத் தண்ணீர்தான் பாரூர் ஏரிக்குப் போகிறது. மாலை வெயிலில் அந்த ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். இரவு போச்சம்பள்ளி. மறுநாள் அனுமன்தீர்த்தம், தெம்பிருந்தால் தீர்த்தமலை, முடிவில் அரூர் அல்லது மொரப்பூர். எல்லாம் சேர்த்து நூறு கிலோமீட்டருக்கு முன்பின் வரும். அணையிலிருந்து காவேரிப்பட்டணத்துக்கு நான்குவழிச் சாலையில் ஏறாமல் ஊர் வழியைக் கேட்டுப் போங்கள்.

வழியில் வயலோரம் வேப்ப மரத்தடியில் வேடியப்பன் என்று பொட்டு வைத்த கல் இருந்தால் நிறுத்திப் பாருங்கள். வில்லோ வாளோ ஏந்திய உருவம் தெரிந்தால் அது நடுகல். ஊர் மாடுகளைக் கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தவனுக்கு நட்ட கல்லைத்தான் பல இடங்களில் இப்படிச் சாமியாகக் கும்பிடுகிறார்கள். மாட்டுப் பொங்கல் சமயத்தில் அதைப் பார்ப்பது பொருத்தம். செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள், கல் மேல் சுண்ணாம்புப் பொடி தேய்த்துப் போட்டோ எடுக்காதீர்கள்.

அதே பொங்கலால் ஒரு சங்கடமும் உண்டு. எருது விடும் விழா நடக்கும் ஊரில் தெருவே ஓடுதளம். கம்பு கட்டி அடைத்திருந்தால் உள்ளே நுழையாமல் சுற்றுவழி கேளுங்கள்.

ஆற்றைப் பற்றி. மேலே ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணைப் பக்கம் நுரை பொங்கி வரும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அதே தண்ணீர்தான் கீழே வருகிறது, அதனால் பாப்பாவை இறங்கிக் குளிக்க விடாதீர்கள். தரைப்பாலத்தின் மேல் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடினாலும் சைக்கிளை உருட்டிக்கொண்டுகூடக் கடக்க வேண்டாம். 2024 டிசம்பரில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது இந்த ஆறு என்ன செய்தது என்று கரையோரத்து ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கடைசியாக அந்த ஆயிரம் ரூபாய். 'எந்தத் துறையின் பர்மிட், அந்தத் துறை தந்த ரசீதின் படத்தை அனுப்புங்கள்' என்று இன்றே எழுத்தில் கேளுங்கள். போனில் பேசாதீர்கள், எழுத்தில். படம் வராது. இரண்டு நாள் பார்த்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், தராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். நுகர்வோர் எண் என்றதுமே இந்த ஆட்களில் பாதிப் பேர் ஜிபேயில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மீதிப் பாதிப் பேர் எண்ணை மாற்றிவிடுவார்கள்.